கோடையில் தோட்டத்து ரோட்டில் நடை: எந்தப் பக்கம், எந்த மாதம், எதைக் கவனிக்கணும்?

வன்னிக்காற்று:
வணக்கம் எல்லாருக்கும். ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் தோட்டத்து ரோட்டில ஒரு நாள் நடக்க யோசிக்கிறம். பெரியாக்கள் நாலு பேர், பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று. சித்திரை வருசப்பிறப்பு லீவு, இல்லாட்டி ஓகஸ்ட் லீவு. எட்டில இருந்து பத்துக் கிலோமீட்டர் போதும். காட்டு வழி வேண்டாம். லொறி போற பாதையில நடந்து, தேயிலையையும் ஊரையும் பார்த்திட்டு பின்னேரம் பஸ் எடுத்தால் சரி. எந்த மாதம் நல்லது? அட்டை, குளவி எவ்வளவு பிரச்சினை? போன் மேப்பில காட்டுற சின்னப் பாதையளை நம்பலாமோ? லயங்களை (தோட்டத் தொழிலாளரின்ர வரிசை வீடுகளை) தாண்டிப் போகேக்க அங்க இருக்கிற சனத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் எப்பிடிப் போறது? கையில 2015ஆம் ஆண்டளவில எழுதின ஒரு வழிக்குறிப்பு இருக்கு. அது இப்பவும் சரிவருமோ?

மழைமானி:
முதலில் மாதம். அது பிழைத்தால் மற்ற ஏற்பாடெல்லாம் வீண்.

மலையகத்துக்கு ஒரே கோடை கிடையாது. நடுவில் நிற்கிற மலைத்தொடர் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு பருவத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை எல்லாம் மேற்குப் பக்கம். மே கடைசியில் இருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக அங்கே வந்து மோதும். அந்தப் பக்கத்தின் வெயில் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஹப்புத்தளை, பண்டாரவளை, பதுளை, பசறை ஊவாப் பக்கம், அதாவது கிழக்குப் பக்கம். அங்கே பெரிய மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை இழுக்கும். ஜூன் தொட்டு செப்டெம்பர் வரை கச்சான் காற்று. அது மேற்கில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இறங்கும்போது சூடேறி, ஈரம் இல்லாமல் வருகிற காற்று. ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி வாசனை ஏறுவது இந்தக் காற்றில்தான், ஜூலை முதல் செப்டெம்பர் வரை. மேற்கே டிம்புள்ளப் பக்கத்துக்கு அதே வேலையை ஜனவரி–மார்ச் குளிர்ந்த வறட்சி செய்கிறது. தேயிலைக்கு வாசனை ஏறுகிற மாதத்தைப் பார்த்து நடைக்கு மாதம் குறித்தால் பெரும்பாலும் பிழைக்காது.

ஆகவே உங்கள் இரண்டு தெரிவில் ஓகஸ்ட்தான் என் பக்கம். சித்திரை இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட மாதம். காலையில் வானம் கழுவிவிட்டாற்போல இருக்கும்; பதினொரு மணிக்கு மேல் முகில் குவியும்; இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் இடியோடு கொட்டும். சித்திரையில்தான் போக முடியும் என்றால் ஆறரைக்கு நடக்கத் தொடங்கி பன்னிரண்டரைக்குள் கூரைக்குக் கீழே வந்துவிட வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் செக்கனை எண்ணி மூன்றால் பிரித்தால் கிலோமீட்டர் வரும். முப்பது செக்கனுக்குக் குறைந்தால் நடையை நிறுத்துங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப வெளியே இறங்க வேண்டும்.

ஓகஸ்ட்டிலும் ஒன்று உண்டு: காற்று. ஹப்புத்தளை ஒரு முதுகின் மேல் உட்கார்ந்திருக்கிற ஊர், உயரம் ஏறக்குறைய 1,430 மீட்டர். தெற்கே சமவெளி வரை தடுக்க எதுவும் இல்லை. குடை உடைந்துபோகும். தொப்பிக்குக் கழுத்துக்கயிறு வேண்டும், பிள்ளைக்குக் காற்றுப் புகாத மேற்சட்டை வேண்டும். 1,000 மீட்டர் ஏற ஏற வெப்பம் ஏறக்குறைய 6.5 பாகை குறையும்; ஆனால் தோலைச் சுடுகிற ஊதாக்கதிர் பத்து வீதமளவில் கூடும். குளிர்கிறதே என்று கழுத்தை மூடாமல் நடக்கிறவர்களுக்கு இரவில்தான் எரிச்சல் தெரியும்.

கச்சான்_ஊவா:
மாதம் ஓகஸ்ட் என்றே வைத்துக்கொண்டு பாதையைச் சொல்கிறேன். முதல் தடவை வருகிறவர்களுக்கு தம்பத்தன்னை ரோட்டைவிடப் பொருத்தமானது இல்லை. ஹப்புத்தளை டவுனில் இருந்து தம்பத்தன்னை இஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) வரை பத்துக் கிலோமீட்டர் அளவு, பஸ் ஓடுகிறது. தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய இஸ்டோர் அது. அங்கிருந்து லிப்டன் சீட் என்கிற உச்சிக் காட்சியிடம் வரை தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் ரோடு, சுமார் ஏழு கிலோமீட்டர். உச்சி கிட்டத்தட்ட 1,970 மீட்டர்.

பெரும்பாலானவர்கள் இஸ்டோரில் இறங்கி ஏறத் தொடங்குவார்கள். ஒன்பது, பத்து மணிக்கு மேலே போய்ச் சேரும்போது மூடுபனி எழும்பி எல்லாவற்றையும் மறைத்துவிடும். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். விடியமுன் ஹப்புத்தளையில் ஆட்டோ பிடித்து உச்சிக்குப் போங்கள். வாடகையை ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள், திரும்பி வரத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். மேலே போகும் வழியில் நுழைவுச்சீட்டுக்குச் சில்லறை வைத்திருங்கள். சூரியன் எழும்பியதைப் பார்த்துவிட்டு ஏழு கிலோமீட்டர் இறங்கி இஸ்டோருக்கு வந்தால் காலை பத்து, பத்தரை. அதற்கு மேல் ஹப்புத்தளை ரோட்டில் இரண்டு மூன்று கிலோமீட்டர் முடிந்தவரை நடங்கள்; பஸ் வந்தால் கைகாட்டி ஏறலாம். நீங்கள் கேட்ட பத்துக் கிலோமீட்டர் முடிந்தது, முழுக்க இறக்கம்.

நேரக் கணக்கு: மட்டமான ரோட்டில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி கூட என்பது பொதுவான கணக்கு. பிள்ளையும், படம் எடுக்கிறதும், தேத்தண்ணிக் கடையும் சேர்ந்தால் மணிக்கு மூன்று என்றே போடுங்கள்.

ரயில் பாதையில் நடக்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். இதல்கஸ்ஹின்னப் பக்கம் தண்டவாளத்தில் நடக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் சுற்றுகின்றன. அது சட்டப்படி குற்றம். குறுகிய வளைவில், அதுவும் சுரங்கத்துக்குள், ரயில் வருவது கண்ணுக்குத் தெரியும்போது ஒதுங்க இடம் இருக்காது. அந்தக் குறிப்பைத் தூக்கிப் போடுங்கள்.

நாலாம்நம்பர்மலை:
பழைய குறிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அதுதான் இந்த இழையில் முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன்.

தோட்டத்தில் பாதை என்றால் மூன்று வகை. ஒன்று லொறி ரோடு: கொழுந்து லொறியும் ட்ரெக்டரும் போவது, கல் அடுக்கி, மலைப்பக்கம் கான் (வடிகால்) வெட்டி, வளைவில் தண்ணீர்ப் போக்கு வைத்தது. இது பெரும்பாலும் நூறு வருஷத்துக்கு மேல் அதே இடத்தில் இருக்கும். இரண்டாவது, லயத்தில் இருந்து பெரட்டுக்களத்துக்கும் (காலையில் வேலை பிரிக்கிற இடம்) இஸ்டோருக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் (பிள்ளை பராமரிப்பு நிலையம்) போகிற நடைபாதையும் கல்படியும். மூன்றாவது குறுக்கு: தேயிலைக்குள் ஆள் நடந்து நடந்து விழுந்த வழி. உங்கள் போன் மேப் மூன்றையும் ஏறக்குறைய ஒரே கோடாகக் காட்டும். முதலாவதை நம்பலாம். இரண்டாவதை அங்கே இருக்கிறவர்களிடம் கேட்டுவிட்டுப் போகலாம். மூன்றாவதை 2015 குறிப்பை வைத்துக்கொண்டு தேட வேண்டாம்.

காரணம் இருக்கிறது. குறுக்கு என்பது தினம் ஆள் நடந்தால்தான் இருக்கும். மலையில், அதாவது தேயிலை நட்ட பிரிவில், வேலைக்குப் போகிற ஆள் குறைந்து, இளசுகள் கொழும்புக்குப் போன பிறகு பல குறுக்கு மூடிப்போய்விட்டது. பழைய தேயிலையைப் பிடுங்கி கௌதமாலாப் புல் போட்ட மலையில் ஆள் உயரத்துக்கு மேல் புல் நிற்கும். ஒன்றரை, இரண்டு வருஷம் மண்ணைத் தேற்றிவிட்டுத்தான் மறுபடி கன்று நடுவார்கள், அப்போது வரிசையும் கானும் புதிதாக விழும், பழைய வழி இருக்காது. கைவிட்ட மலையில் தேயிலை மரமாகவே வளர்ந்து நிற்கும். அப்படிப்பட்ட இடத்துக்குள் நுழையாதீர்கள்: உள்ளே பன்றிக்குக் கட்டிய கம்பிச் சுருக்கு இருக்கலாம், குளவிக்கூடு இருக்கலாம், பகலில் சிறுத்தை படுத்திருப்பதும் இந்த மாதிரிப் புதரில்தான்.

தேயிலைக்குள் இறங்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் கான். செடி இரண்டடிக்கு ஒன்று, வரிசை நாலடிக்கு ஒன்று; மேலே பச்சைப் பாய் மாதிரித் தெரியும். அதற்குக் கீழே சரிவுக்குக் குறுக்கே ஒன்றரை அடி ஆழத்தில் கான் ஓடும், மேலே இருந்து தெரியாது. கால் அதற்குள் போனால் கணுக்கால் போய்விடும். கவ்வாத்து வெட்டிய (செடியைத் தாழ்வாக நறுக்கிவிட்ட) மலை இன்னும் மோசம்: முழங்கால் உயரத்தில் சாய்வாக வெட்டிய கட்டை, நுனி கத்தி.

மலை நம்பர் பலகையைப் படிக்கப் பழகுங்கள், அது நல்ல வழிகாட்டி. ரோட்டோரத்தில் வெள்ளை பூசிய தகரப் பலகை. கறுப்பில் மலை நம்பர், எத்தனை ஹெக்டேயர், நட்ட வருஷம், செடி இனம், கடைசியாகக் கவ்வாத்து செய்த மாதமும் வருஷமும். டிஆர்ஐ 2025 என்று எழுதியிருந்தால் அது வருஷம் இல்லை, தலவாக்கலையில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட செடி இனத்தின் எண். கவ்வாத்து போன வருஷம் என்றால் செடி தாழ்வாக இருக்கும், பார்வை திறந்திருக்கும். மூன்று நாலு வருஷம் ஆகியிருந்தால் செடி இடுப்புக்கு மேல் நிற்கும். வழி தவறினால் போனில் “நாலாம் நம்பர் மலை, மேல் டிவிஷன்” என்று சொன்னால் தோட்டத்து ஆபீஸில் எவருக்கும் இடம் விளங்கும். வரைபடத்தில் இருக்கிற எந்தப் பெயரும் அவ்வளவு வேகமாக வேலை செய்யாது.

மழை பிடித்தால் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒதுங்கலாம், ஒவ்வொரு டிவிஷனிலும் இருக்கும்.

மழைமானி:
நாலாம்நம்பர்மலை சொன்ன கடைசி வரிக்கு மட்டும் ஒரு திருத்தம். மழைக்கு மடுவம் சரி. மின்னலுக்குச் சரியில்லை. நாலு தூணும் தகரக் கூரையும், சுற்றிவரத் திறப்பு. அது ஈரத்தைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது. சுவர் அடைத்த கட்டிடம், அல்லது கண்ணாடி ஏற்றிய வேன், பஸ். தனியாக நிற்கிற சவுக்கு மரத்தடி எல்லாவற்றிலும் மோசம்.

நாலாம்நம்பர்மலை:
சரிதான். இடி என்றால் பக்கத்து லயத்துக் கதவைத் தட்டுங்கள். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நிற்காமல் உள்ளே வரச் சொல்வார்கள்.

பீலிக்கரை:
லயங்களைத் தாண்டிப் போவது பற்றி.

லயத்துக்கு முன்னால் போகிற வழி ரோடு மாதிரித் தெரிந்தாலும் அது அவர்கள் வாசல். அங்கேதான் துணி காயும், பிள்ளை குளிக்கும், கிழவி உட்கார்ந்து கீரை ஆய்வார். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் ஒரு குடும்பம் என்றால் பாதி வாழ்க்கை வெளியேதான் நடக்கும். ஆகவே லயத்து வாசல் வழியாகப் போகாமல் லொறி ரோட்டையே பிடித்துப் போக முடியுமானால் அப்படிப் போங்கள், ஐந்து நிமிஷம் கூடினாலும் பரவாயில்லை. வேறு வழி இல்லையென்றால் “அக்கா, இப்படிப் போகலாமா?” என்று முதலில் தெரிகிற ஆளிடம் கேளுங்கள். கேட்டுவிட்டால் நாய்க்கும் அவர்களே அதட்டல் போடுவார்கள். கமராவைக் கழுத்தில் இருந்து எடுத்துப் பைக்குள் வையுங்கள். பிள்ளைகளுக்கு ரோட்டில் வைத்து டொபி கொடுக்க வேண்டாம். ஒரு தடவை தொடங்கினால் அடுத்து வருகிறவர்கள் பின்னால் பிள்ளைகள் வேன் வளைவு வரை ஓடுவார்கள். செலவழிக்க நினைத்தால் தோட்டத்துக் கடையில் ரொட்டியும் பிளேன்டியும் வாங்குங்கள்.

கொழுந்து எடுக்கிறவர்களைப் படம் எடுப்பதற்கும் இதே. அது நிறுவை கணக்கில் நடக்கிற வேலை, நாளைக்கு இத்தனை கிலோ என்று இருக்கிறது. கூப்பிட்டு நிறுத்தி முகம் பார்க்கச் சொன்னால் அவர்கள் நேரம் போகிறது. வரிசை முடிந்து ரோட்டுக்கு இறங்கும் நேரம், அல்லது நிறுவைக்கு வருகிற நேரம் பார்த்துக் கேளுங்கள். சம்மதித்துக் காசு கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான், அவர்கள் உழைப்பு நேரம் அது.

மரத்தடியில் சூலம், குங்குமம் பூசிய கல் இருந்தால் மாடசாமியோ முனியாண்டியோ ரோதமுனியோ இருக்கும். பாதையின் ஒரு வளைவு மாதிரித்தான் தெரியும். அதன் மேல் பையை வைப்பதும், சப்பாத்தோடு ஏறி நிற்பதும் கூடாது.

பழைய குறிப்பு இப்போதும் சரிவருமா என்றும் கேட்டிருந்தார்; ஊரும் மாறியிருக்கிறது. வீடுகள்தான் பெரிய மாற்றம். இந்திய உதவியில் முதலில் 4,000 வீடு, பிறகு 2017 மே மாதம் நோர்வூட்டில் மோடி அறிவித்த 10,000 வீடு. ஒவ்வொன்றும் ஏழு பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி தனி வீடு. லயத்தை மட்டும் அடையாளமாக எழுதி வைத்த பழைய குறிப்பில் இந்தக் குடியிருப்புகள் இருக்காது. “மூன்றாவது லயத்தில் இடக்கைப் பக்கம் திரும்பு” என்று இருந்தால் அந்த லயம் இன்று இடித்திருக்கலாம், பாதி மட்டும் நிற்கலாம். வீட்டுக்காக மட்டம் வெட்டிய இடத்தில் பழைய கல்படி அறுந்து, வேறு பக்கம் புது வழி போட்டிருப்பார்கள். 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்திய பிறகு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட வழி வந்தது. கல் ரோடு நடுவில் திடீரென்று நூறு மீட்டர் கொங்கிரீட் வந்து மறுபடி கல் வருவதை இப்போது நிறையப் பார்க்கலாம். அங்கே வீடு கிட்டத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

தண்ணீர்: பீலியில் விழுகிற தண்ணீர் ஊற்றில் இருந்து குழாய் வைத்து வருவது, குடிக்கலாம்.

ஆஸ்பத்திரிலைன்:
பீலித் தண்ணீர் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பீலிக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் குடிக்கக் கூடாது. மேலே காடு மட்டும் இருந்தால் பயம் குறைவு. மேலே லயமும் மலசலகூடக் குழியும் இருந்தால் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். மேலே மரக்கறித் தோட்டம் இருந்தால் கொதிக்க வைத்தும் பயன் இல்லை: உரத்தில் இருந்து வருகிற நைத்திரேற்று கொதியில் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும், பூச்சிமருந்துக்கும் கொதி ஒரு உத்தரவாதம் இல்லை. தேயிலையைப் பிடுங்கிவிட்டு லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு போட்ட சரிவுகள் கூடிக்கொண்டே வருகின்றன. கோழி எரு மணமும் கறுப்புத் தண்ணீர்க் குழாயும் தெரிந்தால் அதற்குக் கீழே இருக்கிற பீலியில் முகம் கழுவுவதோடு நிறுத்துங்கள். அரை நாளைக்கு ஆளுக்கு இரண்டு லீட்டர் கொண்டுபோங்கள். ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புத்தூள்) பைக்கற் இரண்டு எடுங்கள். ஒன்று ஒரு லீட்டருக்கு, பாதி பாதியாகக் கரைக்கக் கூடாது.

குளவிதான் இந்த நடையில் உண்மையான ஆபத்து. காய்ந்த மாதங்களில் மலையகச் செய்தியில் குளவிக் கொட்டு இல்லாத வாரம் குறைவு. ஊரில் குளவி என்று சொல்வதில் பாதி மலைத்தேனீ: உயர்ந்த மரக்கிளையிலும் பாறை விளிம்பிலும் ஒற்றைப் பலகை போலத் தொங்கும் கறுத்த கூடு. மற்றது தேயிலைச் செடிக்குள்ளும் மண் பொந்திலும் கட்டுகிற குளவி. பருந்து மோதினாலும், பலமான காற்றில் கிளை ஆடினாலும், புகை போனாலும் கலையும். வாசனைத் திரவியம் பூச வேண்டாம், கறுப்பு உடுப்பும் வேண்டாம், கூட்டைப் பார்த்துக் கல் எறிய வேண்டாம் என்று பிள்ளையிடம் முன்னமே சொல்லுங்கள்.

கலைந்துவிட்டால் கையை வீசக் கூடாது. நசுங்கின ஒன்றில் இருந்து வருகிற மணம் மற்றதைக் கூப்பிடும். முகத்தையும் கழுத்தையும் துணியால் மூடிக்கொண்டு நேராக ஓட வேண்டும். குப்புறப் படுப்பதும் செடிக்குள் ஒளிவதும் பிழை. கதவு இருக்கிற வீடு, வாகனம் எதுவானாலும் உள்ளே போய்ச் சாத்துங்கள். தேனீ முள்ளை விட்டுப்போகும். நகத்தால் சுரண்டி உடனே எடுங்கள், எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் முக்கியம். உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால், உடம்பெல்லாம் தடித்தால், தலை சுற்றினால் ஒரு கொட்டு என்றாலும் 1990 எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். நிறையக் கொட்டு வாங்கியவர் நல்லாயிருக்கிறேன் என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விஷம் சிறுநீரகத்தைத் தாக்குவது பிறகுதான் தெரியும்.

அட்டை ஓகஸ்ட்டில் ஊவாவின் திறந்த ரோட்டில் அதிகம் இல்லை. நிழல் ஓடை, காட்டு விளிம்பு, ஈரப் புல் என்றால் இருக்கும். காற்சட்டையை சொக்ஸுக்குள் விட்டு, சொக்ஸின் வெளிப்பக்கம் சவர்க்காரத்தை உலர்வாகத் தேயுங்கள். ஏறிவிட்டால் நெருப்பு வைக்காதீர்கள். மெல்லிய நுனிப்பக்கம் நகத்தை வைத்துத் தள்ளினால் கழன்றுவிடும். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, அட்டை விட்ட சுரப்பு உறையவிடாது. துணியை மடித்து அழுத்திக் கட்டினால் போதும்.

நாய் கடித்தால், சின்னக் கீறல் என்றாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி அன்றைக்கே ஆஸ்பத்திரி. செடிக்குள் கையை விட வேண்டாம். பச்சை விரியன் தேயிலையின் நிறத்திலேயே இருக்கும்.

பீலிக்கரை:
மேலே மரக்கறித் தோட்டம் இருக்கிற பீலி பற்றிச் சொன்னது நியாயம். அந்த இடங்களில் இருக்கிற சனமும் இப்போது குடிக்க வேறு ஊற்றுத் தேடித்தான் போகிறார்கள். வழியில் குடிக்கிற தண்ணீர் எது என்று அங்கேயே கேட்பதுதான் சரி. குளிக்கிற பீலி, குடிக்கிற பீலி என்று அவர்களே பிரித்து வைத்திருப்பார்கள்.

வன்னிக்காற்று:
மிச்சம் உதவியாக இருக்கு, எல்லாருக்கும் நன்றி. ஓகஸ்ட், உச்சியில இருந்து இறக்கம் எண்டு முடிவெடுத்திட்டம். மண்சரிவு பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. அம்மா அதைத்தான் திரும்பத் திரும்பக் கேக்கிறா. வாகனம் வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்கிறது எண்டும் சொல்லுங்கோ.

மழைமானி:
அம்மா கேட்பது சரியான கேள்வி. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மண் இறங்கியது ஹப்புத்தளை முதுகின் அதே தெற்குச் சரிவில்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையகத்தில் எத்தனையோ இடத்தில் ரோடும் வீடும் போயின. அதனால் அந்தப் புயலுக்கு முந்திய எந்த வழிக்குறிப்பையும், லொறி ரோடு என்றாலும், அங்கே ஒரு தடவை கேட்டு உறுதி செய்யாமல் நம்ப வேண்டாம்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவகம் எச்சரிக்கை விடுவதற்கு மழை அளவை வைத்திருக்கிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் தயார் நிலை, 150 தாண்டினால் அல்லது ஒரே மணி நேரத்தில் 75 தாண்டினால் வெளியேற வேண்டும். ஓகஸ்ட் ஊவாவில் அந்த அளவு மழை அரிது. ஆனால் முதல் நாள் இரவு பலமாகப் பெய்திருந்தால் நடையை ஒத்திவையுங்கள். வழியில் பார்க்க வேண்டியவை: ரோட்டுக்குக் குறுக்கே இல்லாமல் ரோட்டின் நீளத்துக்கு ஓடுகிற புது வெடிப்பு, ஒரே பக்கம் சாய்ந்த மரங்களும் மின்கம்பங்களும், தெளிவாக வந்த ஊற்று திடீரென்று சேறாவது அல்லது நின்றுபோவது. இவற்றில் ஒன்றைக் கண்டால் திரும்பி வந்து முதல் லயத்தில் சொல்லுங்கள், பிறகு 117க்கு, அனர்த்த முகாமைத்துவ நிலையம். நீங்கள் போய்விடுவீர்கள், கீழே தூங்கப் போகிறவர்கள் அவர்கள்.

நாலாம்நம்பர்மலை:
வாகனத்துக்கு எப்போதும் மலைப்பக்கம் ஒதுங்குங்கள், கானுக்குள் ஒரு கால் போனாலும் பரவாயில்லை. பள்ளப்பக்க விளிம்பு பார்க்க உறுதியாக இருக்கும், கீழே மண் அரித்துப் போய் வெறும் புல்லும் வேரும்தான் பிடித்துக்கொண்டிருக்கும். கொழுந்து லொறி குறுகிய வளைவில் ஒரே தடவையில் திரும்பாது, பின்னுக்கு எடுத்துத்தான் திருப்பும். அதன் பின்பக்கம் நிற்காதீர்கள். கோர்ன் சத்தம் கேட்டதும் வளைவுக்கு முன்னமே நின்றுவிடுங்கள். தேயிலை மிலாறு (கவ்வாத்தில் விழுந்த விறகுக் குச்சி) கட்டித் தலையில் சுமந்து வருகிற பெண்கள் எதிரே வந்தால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும், கட்டின் நுனி கண் உயரத்தில் வரும், அவர்களுக்குப் பக்கவாட்டில் பார்வை இல்லை.

தேயிலை_தபால்:
இந்த இழையை மேற்குப் பக்கம் போகிறவர்களும் படிப்பார்கள் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். பெப்ரவரி, மார்ச்சில் மஸ்கெலியா நல்லது. மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றும் வருஷங்களில் தண்ணீருக்குள் போன பழைய மஸ்கெலியா டவுனின் கோயில், பள்ளிவாசல், விகாரை எச்சங்கள் மேலே வரும். கரையில் இருந்து பாருங்கள். வெடித்துக் காய்ந்த சேறு மேலே தட்டாக இருக்கும், அடியில் கூழ். இடுப்பு வரை போய்விடும். சிவனொளிபாத மலைக்குப் போகும் காலம் டிசம்பர் பௌர்ணமியில் இருந்து வெசாக் வரை என்பதால் சனி, ஞாயிறு, போயா நாட்களில் ஹட்டன் ரோட்டைத் தவிருங்கள்.

நீளமாக நடக்க விரும்புகிறவர்களுக்கு பீக்கோ ட்ரெயில் இருக்கிறது: கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும், 300 கிலோமீட்டருக்கு மேல், 22 பகுதிகள். பெரும்பாலும் இந்தப் பழைய தோட்டத்து ரோடுகளையே இணைத்துப் போட்டது. அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து ஒரு நாளில் நடக்கலாம்.

கச்சான்_ஊவா:
ஓகஸ்ட் என்று முடிவாகிவிட்டதால் இரண்டு விஷயம். ஒன்று, தீ. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் பத்தனைப் புல்லும் பைன், யூக்கலிப்டஸ் தோப்பும் எளிதில் பற்றும். தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே புகை தெரிந்தால் அதற்கு மேலே இருக்கிற வழியில் போகாதீர்கள். சிகரெட்டும் அடுப்பும் கண்டிப்பாக வேண்டாம்.

இரண்டாவது, இறக்கம். ஏழு கிலோமீட்டரும் இறக்கம் என்றால் லேசு என்று நினைப்பார்கள். மூச்சுக்கு லேசு, முழங்காலுக்கு இல்லை. எட்டை வழக்கத்தில் பாதியாக வையுங்கள், முழங்காலைப் பூட்டி நிற்கவிடாதீர்கள். கல் ரோட்டில் உருளைக் கல்லை மிதிக்காமல் சக்கரம் போய் அழுந்திய தடத்தில் நடங்கள். நிழல் விழும் கொங்கிரீட்டில் பாசி இருக்கும், காய்ந்த மாதத்திலும் காலைப் பனியில் வழுக்கும்; அங்கே ஓரத்து மண்ணில் இறங்கி நடங்கள். சப்பாத்து புதிதாக வேண்டாம். கயிற்றைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டி, விரல் பக்கம் தளர விடுங்கள், பாதம் முன்னுக்குச் சறுக்காது. கால் நகத்தை முதல் நாளே வெட்டிவிடுங்கள், பிள்ளைக்கும்.

வன்னிக்காற்று:
சரி. ஆட்டோவுக்கு முதல் நாள் பின்னேரமே சொல்லி வைக்கவேணுமோ, விடிய ஸ்டாண்டில பிடிக்கலாமோ?

கச்சான்_ஊவா:
முதல் நாள் பின்னேரமே. விடிய நாலரைக்கு ஹோட்டல் வாசலுக்கு வரச் சொல்லுங்கள். ஐந்து பேருக்கு இரண்டு ஆட்டோ வேண்டும். மேல் வளைவுகளில் பாரம் கூடினால் ஏறாது, பாதி வழியில் இறங்கித் தள்ளச் சொல்வார்கள்.